பூதம் தண்ணீர் லாரியை மறித்த கதை

நம் நாடகக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூதம் வேஷத்தில், படப்பையில் தொடங்கி மறைமலை நகர் வரைக்கும், என்னைத் தாண்டி ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். வேறு யார் சொல்லப்போகிறார்கள்? முட்டி இரண்டும் மக்கர் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வேஷத்தை உங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

நீங்களெல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். யாராவது வசனத்தை வாசிக்க, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே காதால் கேட்டு மனப்பாடம் செய்வேன். ஆகவே குரலை எப்படி மாற்றுவது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம் நான் பாடம் நடத்தப்போவதில்லை. அதற்கு ஒத்திகை இருக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நாடகம் உங்கள் கையைவிட்டு எழுந்து நடந்துபோய்விடும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அப்படி ஒரு முறை, நிஜமாகவே, என் கண் முன்னால் நாடகம் எழுந்து நடந்துபோனது.

நம் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு போய் இறங்குவோம். எந்தத் தெருவில் நாடகமோ அந்தத் தெருவின் வீடுகளிலேயே சாமான் கேட்டு வாங்குவோம். முறம், குடம், சல்லடை, தோசைத்திருப்பி, பழைய போர்வை, எது கிடைக்கிறதோ அதுதான் யானையும் அரண்மனையும். குழுவைத் தொடங்கியவர் வைத்த வழக்கம் இது. அவரை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். "தன் வீட்டுக் குடத்தை மேடையில் பார்க்கிற குழந்தை பாதியில் எழுந்து போகாது" என்பார். உண்மைதான். ஆனால் அந்தக் குடத்துக்கு வீட்டில் வேறு வேலையும் உண்டு என்பதை நாங்கள் யாரும் அதுவரை யோசிக்கவில்லை.

படப்பை தாண்டி ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு புது நகர். பாதி மனையில் வீடு, பாதி மனையில் கருவேலம் முள். கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் எல்லோரும். ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருக்கோடியில் காலியாகக் கிடந்த ஒரு மனையில் நாடகம். ஒரு பூதம் ஊர் ஏரியைக் குடித்துவிடுகிறது. ராஜா எறும்புப் படையோடு வந்து பூதத்தை அடித்து ஏரியை மீட்கிறார். அவ்வளவுதான் கதை.

எறும்புப் படைக்குத் தெருவிலிருந்த பிளாஸ்டிக் குடங்கள் அத்தனையையும் வாங்கிவிட்டோம். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் கண் ஆகிவிடும். ராஜா வேஷம் பாஸ்கருக்கு. கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிற பையன், லீவு நாளில் ராஜா. தோசைத்திருப்பி வாள், தாம்பாளம் கேடயம். ஏரிக்கு இரண்டு வீட்டு நீலப் புடவைகளை ஒன்றாக முடிந்துகொண்டோம். துணி காயப்போடும் கிளிப்புகளை அதில் அங்கங்கே மாட்டினோம், அவை மீன்கள்.

பூதத்தின் வயிற்றுக்குத்தான் பெரிய சாமான் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவள் செல்வி. அந்தத் தெருவிலேயே வாடகைக்கு இருந்துகொண்டு, நாங்கள் நாடகம் போட்ட மனைக்குப் பக்கத்து மனையில் சொந்த வீடு கட்டி முடித்திருந்தாள். மறுநாள் காலை கிரகப்பிரவேசம். அந்த வீட்டு வாசலில் புத்தம் புது நீல டிரம் ஒன்று காலியாக நின்றது. கேட்டதும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

"காத்தாலதான் லாரி வரும் அக்கா, அதுவரைக்கும் சும்மாத்தான கீது. ஆனா கால நல்லா கழுவிக்கினு ஏறுங்க. சமையலுக்கு இந்தத் தண்ணிதான்."

சோப்புப் போட்டே கழுவினேன். பாஸ்கரும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி என்னை டிரம்முக்குள் இறக்கினார்கள். நான் ஒல்லி இல்லை. டிரம் என் இடுப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. தலையில் விரித்துக் கட்டிய தென்னந்துடைப்பம் முடி, கண்ணில் இரண்டு டீ வடிகட்டி. நான் ஒரு உறுமல் உறுமினேன். முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மா மடியில் போய் ஒளிந்துகொண்டு, உடனே ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது. பூதம் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

நாடகம் நன்றாகவே போனது. ஏரியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்து இழுத்து டிரம்முக்குள் திணித்தேன். மீனோடு ஏரி முழுக்க உள்ளே போனது. ஏப்பம் விட்டேன். பிள்ளைகள் கத்தின கத்தலில் எதிர் மனை மாடுகள் திரும்பிப் பார்த்தன. பாஸ்கர் தோசைத்திருப்பியை உருவிக்கொண்டு, "ஏ பூதமே!" என்று தொடங்கினான்.

அப்போது தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"லாரி!" என்றாள் ஒருத்தி.

"இன்னிக்கா? நாளைக்குத்தானே?"

"ஹாரன் கேக்கல உனக்கு? தண்ணி லாரிதான். எழுந்திருங்கடி!"

அந்த நகரில் குழாய் கிடையாது. போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் லாரி தண்ணீர்தான், அதுவும் சில நாளைக்கு ஒரு தடவை. வாசலில் பாத்திரம் வைத்திருக்கும் வீட்டில் நிற்கும், வைக்காத வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இதெல்லாம் அங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

பெண்கள் மொத்தமாக எழுந்து மேடைக்கு வந்துவிட்டார்கள். "இது என் குடம்." "ஏய், பச்ச என்னுது, உன்னுது வாய் ஒடஞ்சது." "பொட்ட அப்புறம் பிச்சிக்கலாம், எடுத்துனு வா." ராஜாவின் படை முழுவதும் இடுப்பில் ஏறி, எங்களைப் பார்த்து முழித்துக்கொண்டே போய்விட்டது. ஒரு அம்மா பாஸ்கர் கையிலிருந்த தாம்பாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார். தண்ணீருக்குத் தாம்பாளம் எதற்கு என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

செல்வி மட்டும் என் எதிரில் வந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, எறங்கு. டிரம் வோணும்."

"எப்படிம்மா எறங்குறது? ஏத்தும்போது ரெண்டு பேரு தூக்கி உள்ள வுட்டாங்களே."

"நாளைக்கு லாரி வராதாம் அக்கா. வண்டி ஆர்டிஓ ஆபீசுக்கு எஃப்சி காட்டப் போவுதாம், அதான் இன்னிக்கே வந்துட்டான். காத்தால சமையக்காரரு வந்துடுவாரு. மணிமங்கலத்துலேர்ந்து வேன் வச்சுக்கினு எங்க மாமியார் வூட்டு ஜனம் மொத்தமும் வருது. உப்புத் தண்ணியில சாம்பார் வச்சா எங்க நாத்தனாரு செத்தாலும் மறக்க மாட்டா!"

சிரிக்காதீர்கள். சொந்த வீட்டில் முதல் அடுப்பு எரிகிற நாள். அந்தப் பெண்ணும் புருஷனும் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்துக் கட்டின வீடு. அந்த வீட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் அதற்குக் காரணம் நாங்கள்.

ஆனால் நான் அப்போது செல்வியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் எழுந்துகொண்டிருந்தார்கள். அம்மா ஓடினால் பிள்ளையும் ஓடும். குறுகலான தெரு, லாரி முன்னும் பின்னுமாக நகர்ந்து வீடு வீடாக நிற்கிறது, டிரைவருக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வாண்டு தெரியாது. தண்ணீர் அப்புறம், பிள்ளைகள் முதலில்.

முதலில் செய்தது தப்பாகப் போனது. பூதம்தானே நான், மிரட்டினால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். "எழுந்தவனை முழுங்கிடுவேன்!" என்று உறுமினேன்.

உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். "என்னிய முழுங்கு!" "என்னிய முழுங்கு பூதம்!" "மொதல்ல என்னிய!" ஒருத்தன் டிரம்மின் மேல் ஏறவே தொடங்கிவிட்டான்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். அதைக் கொடுத்தால் இன்னும் ஓடுவார்கள். ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்றால் அவர்கள் இரண்டு கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். இது அன்றைக்கு யோசித்துக் கண்டுபிடித்ததும் இல்லை. கீழே என் காலைச் சுற்றி ஏரி கிடந்தது, அவ்வளவுதான். புடவையின் நுனியை எடுத்து வெளியே விட்டேன்.

"ஐயோ, வயிறு வலிக்குது. ஏரி உள்ள குதிக்குது. நான் திருப்பிக் கொடுத்துடறேன், யாராவது புடிங்க! கீழ வுட்டா தண்ணி மண்ணுல போயிடும். மீனெல்லாம் செத்துடும்!"

ஒரு பெண் குழந்தை ஓடிவந்து நுனியைப் பிடித்தாள். அடுத்தது அவள் தம்பி. நான் விட விட, ஒவ்வொருவராக வந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரி விரிந்தது. நடுவில் மீன்கள் குலுங்கின. டீச்சர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். புடவையின் நடுவே தலையை நீட்டி, "அலை வருது, ஒக்காந்து புடிச்சாதான் சிந்தாது" என்று ரகசியம் போலச் சொன்னார். மொத்தப் பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தலைகூடத் தெருப்பக்கம் திரும்பவில்லை.

"பாஸ்கரு, என்னத் தூக்கு" என்றேன்.

"இறக்கி வுடட்டா?"

"இறக்க நேரம் இல்ல. டிரம்மோட தூக்கு."

அவனும் செல்வி புருஷனும் இன்னும் இரண்டு ஆண்களும் தோள் கொடுத்தார்கள். நான் சாமி புறப்பாடு மாதிரி ஆடிக்கொண்டே தெருவுக்கு வந்தேன். அதற்குள் லாரி செல்வி வீட்டு வாசலுக்கு வந்து, வாசலில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து நகரத் தொடங்கியிருந்தது.

"முன்னால போங்க. வண்டிக்கு நேரா வைங்க" என்றேன்.

வைத்தார்கள். லாரி பிரேக் அடித்து நின்றது. ஜன்னல் வழியாகக் கழுத்தில் துண்டு போட்ட ஒடிசலான ஆள் தலையை நீட்டினார்.

"யாரும்மா நீ?"

"பூதம்."

"அது தெரியுது. என் வண்டிக்கு முன்னால இன்னா பண்றே?"

"தாகமா கீது. இந்த டிரம் நெறையாம வண்டி நகராது."

ஏன் பூதமாகவே பேசினேன் என்று கேட்பீர்கள். துடைப்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கை கூப்பி, "தம்பி, தப்பு எங்க மேலதான், கொஞ்சம் ஊத்திட்டுப் போப்பா" என்றும் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிறவர்களை அவர் தெருவுக்குத் தெரு பார்க்கிறார். அவர்களுக்குச் சொல்ல அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. பூதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏம்மா, நான் இன்னும் பின்னால ரெண்டு நகருக்குப் போவணும். வாசல்ல டிரம் வைக்காத வூட்டுக்கு நிக்கிறதில்ல. நான் இன்னா பெல் அடிச்சு எழுப்பிக்கினா இருப்பேன்?"

"டிரம்தான் இப்ப வந்துட்டுதே."

"நீ உள்ள நிக்கிறியே! எறங்கு, ஊத்துறேன்."

"நான் எறங்கினா நீ ஓட்டிக்கினு போயிடுவே."

"நீ எறங்கலன்னா எங்க ஊத்துறது? உன் தலையிலயா?"

"ஊத்து. பாக்கலாம்."

"ஐயோ, வாணாங்க, சமையல் தண்ணி!" என்று அலறினாள் செல்வி.

அவர் என்னைப் பார்த்தார். நான் டீ வடிகட்டி வழியாக அவரைப் பார்த்தேன். குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் அவர் என்ஜினை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கிவந்து என் கையில் வைத்தார்.

"இந்தா. இதுக்கு மேல இன்னா வோணும்? எறங்கு தாயே."

பூதம் கௌரவமாக இறங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்தத் தெருக்காரர்கள் அங்கேயேதான் குடியிருக்கிறார்கள் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். டிரம்மைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள், நான் தவழ்ந்து வெளியே வந்தேன். பாதியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. டிரைவர்தான் கையைப் பிடித்து இழுத்தார். செல்வி டிரம்மை அலசினாள், ஒரு தடவை இல்லை, மறுபடியும் மறுபடியும். "பூதத்துக்குக் கால் சுத்தமாத்தான்மா இருந்திச்சு" என்றேன். "தெரியும் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை அலசினாள். வாசலில் நிமிர்த்தி வைத்தார்கள். பைப்பிலிருந்து தண்ணீர் விழுந்து டிரம் நிறைய நிறைய, அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

நான் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே மனைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், என்னால் முடிந்த ஓட்டம்.

பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். அம்மாக்கள் திரும்பி வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள், அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. மூக்கு ஒழுகிய ஒரு வாண்டு, கையை விடக் கூடாதே என்று மூக்கைத் தோளிலேயே தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் வந்து நுனியைப் பிடித்த பெண் குழந்தை கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பூதம், இப்ப வுடலாமா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் டிரைவர் வந்துவிட்டார். "ஏம்மா பூதம், சாவியக் குடு. எனக்கு நேரமாவுது."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் குழந்தை அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, உன் லாரியில தண்ணி தீந்துபோச்சா?"

"கொஞ்சம் கீது பாப்பா. இன்னும் ரெண்டு எடத்துல ஊத்தணும். பத்தாது."

"அப்போ இந்த ஏரிய ஊத்திக்கோ."

டீச்சர் என்னைப் பார்த்தார். நாங்கள் ஒத்திகை பார்த்த முடிவில் லாரி கிடையாது. ராஜா பூதத்தை அடிக்கவேண்டும், பூதம் கவிழ்ந்து விழவேண்டும், கொட்டாங்கச்சி மேளம் அடித்து முடிக்கவேண்டும். பாஸ்கர் என் காதோரம் வந்து, "அக்கா, அப்போ நான் எப்ப சண்ட போடுறது?" என்றான். பாவம், அந்தச் சண்டைக்காக ஒரு மாலை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவன்.

நான் முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி என்னிடம் இருக்கும்வரைக்கும் அந்த லாரி ஒரு அடி நகராது. சற்று முன்பு எந்த லாரிப் பக்கம் போய்விடுவார்களோ என்று பயந்தேனோ, அந்த லாரிக்கு இப்போது பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். தலையை ஆட்டினேன்.

டிரைவர் ஒரு நிமிஷம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம், "சரி, சிந்தாம எடுத்துனு வாங்க" என்றார்.

ஏரி எழுந்து நடந்தது. இரண்டு பக்கமும் பிள்ளைகள், பின்னால் அம்மாக்கள், முன்னால் "வழி வுடு, வழி வுடு" என்று தோசைத்திருப்பியை ஆட்டிக்கொண்டு பாஸ்கர். டிரைவர் ஏணி ஏறி மேலே போனார். கீழே இருந்து நாங்கள் நுனியை நீட்ட, அவர் மூச்சு வாங்க வாங்க, நிஜமாகவே கனமான தண்ணீரை இழுப்பவர் போல, ஏரியை மேலே இழுத்தார். சுருட்டி டேங்க் மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்து, "டங்" என்று மூடினார். நான்கூட ஒரு கணம் நம்பிவிட்டேன். அப்படி நடிக்க எங்களுக்கு வருஷக்கணக்கில் ஒத்திகை தேவைப்பட்டது.

சாவியைக் கொடுத்தேன். பிள்ளைகளை ஓரம்கட்டினோம். லாரி போய்விட்டது. தெரு முழுக்கக் கைதட்டியது. செல்வி என்னை மறுநாள் விருந்துக்கு வரச் சொல்லித் தாம்பூலத் தட்டையே நீட்டினாள். போனேன். சாம்பார் பிரமாதம். நாத்தனாரே இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இரவல் புடவைகள் இரண்டும் லாரி மேலேயே போய்விட்டன. வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு தெருவை விட்டு வருவதில்லை என்பது டீச்சரின் சட்டம். அடுத்த முறை லாரி வரும் நாளைச் செல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அவள் வாசலில் நின்றேன். அன்றிலிருந்து எந்தத் தெருவில் ஒரு கரண்டி கேட்டாலும், "இது உங்களுக்கு எப்போ வேணும்?" என்று முதலில் கேட்பது நம் குழுவில் வழக்கமாகிவிட்டது. நீங்களும் கேளுங்கள்.

லாரி வந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், பிள்ளைகள் எல்லாம் வாசலிலேயே இருந்தார்கள். டிரைவருக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. துடைப்பம் இல்லையே. நான் ஒரு உறுமல் உறுமினேன். உடனே சிரித்துவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். புடவைகள் துவைத்து மடித்து இருந்தன. கிளிப்புகள் தனியாக ஒரு கவரில்.

அந்தப் பெண் குழந்தை கவரை வாங்கித் தரையில் கொட்டினாள். பெரிய கிளிப்புகளுக்கு நடுவே, நாங்கள் கொடுக்காத, சின்னச் சின்ன ரோஸ் கலர் கிளிப்புகள் கிடந்தன.

"இது இன்னாது?"

"குட்டி போட்டுச்சு" என்றார் டிரைவர், பைப்பை மாட்டிக்கொண்டே.

"மீனு குட்டி போடாது. முட்டைதான் போடும். எங்க மிஸ் சொன்னாங்க."

அவர் செல்வி வீட்டு டிரம்மில் பைப்பை இறக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு, நிதானமாகத் திரும்பினார்.

"முட்ட போடுறது ஏரி மீனு பாப்பா. லாரியில வளர்ற மீனு குட்டிதான் போடும். இன்னும் ரெண்டு மீனு மாசமா கீது, உள்ளேயே வுட்டுட்டு வந்திருக்கேன்."